இரண்டாவது இழை

திரியின் நுனியில் நெருப்பு ஓர் அரிசி அளவுதான் இருக்கும். வெல்லமும் நெய்யும் போட்டுப் பிசைந்த சின்ன மாவு உருண்டை, அதில் குத்திய திரி, அதன் மேல் அந்த நெருப்பு. இழை என்போம். அப்படியே எரிய எரிய வாய்க்குள் போட்டுக்கொள்ள வேண்டும். உடனே உதட்டை மூடிவிட்டால் சுடாது. பயந்து வாயைத் திறந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் சுடும். எனக்கு நான்கு வயதிலேயே அது கைவந்துவிட்டது.

இருபத்திரண்டாவது வயதில் அந்த நெருப்பு என் கையிலேயே அணைந்தது.

ஒக்கூரில் என் கணவர் வீடு. பிள்ளையார் நோன்பு. எனக்கு ஏழு மாதம். வீடு கொள்ளாத கூட்டம், நாற்பது பேராவது இருப்பார்கள். என் மாமியார் முதல் இழையை ஏற்றிக் கொடுத்தார். போட்டுக்கொண்டேன். "இது பிள்ளைக்கு" என்று இரண்டாவதை நீட்டினார். வயிற்றில் பிள்ளை இருந்தால் இரண்டு இழை, அது எங்கள் வழக்கம்.

வாங்கினேன். அடிவயிறு இழுத்துப் பிடித்தது. கை ஆடியது. மாவு சாய்ந்தது, திரி நெய்யில் முங்கியது, நெருப்பு போய்விட்டது. கருகிய நூல் வாசனை மூக்கில் ஏறியது.

சங்கு ஊதிக்கொண்டிருந்த என் கணவர் பாதியில் நிறுத்தினார்.

"அணைஞ்சு போச்சே!" என்றது ஒரு குரல்.

அன்று மதியம் இரண்டு மணியிலிருந்து எனக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. அணைந்த நெருப்பைப் பற்றி மட்டும் முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்பான ஆசிரியருக்கு

சில வாரங்களுக்கு முன்பு இதே பத்திரிகைத் தொடரில், போகிற போக்கில், எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். கல்யாணச் சமையலைப் பற்றியும் பர்மாத் தேக்கைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியபோது வராத கடிதங்கள் அந்த ஒரு வரிக்கு வந்தன.

ஒருவர், "பணியாரம் தின்ன மட்டும் பிள்ளையார் வேண்டுமாக்கும்?" என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் ஐயா. மாவும் கருப்பட்டியும் எண்ணெயும் இருந்தால் போதும்.

இன்னொருவர் ஓய்வுபெற்ற ஆசிரியராம். மிகுந்த அன்போடு எழுதியிருக்கிறார். "அம்மா, உங்களுக்கு ஏதோ பெரிய துன்பம் நேர்ந்திருக்கிறது. நீங்கள் நாத்திகர் அல்ல. கடவுளிடம் கோபித்துக்கொண்டிருக்கிறீர்கள். கோபம் தீர்ந்ததும் அவரிடமே திரும்பிவிடுவீர்கள்."

திட்டி எழுதியவர்களைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இந்த அன்பைத்தான் பொறுக்க முடியவில்லை. ஐம்பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி நன்றாக யோசித்து, கடவுள் இல்லை என்று சொன்னால், அவள் பிறந்த வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு வந்தவள் மாதிரியா? இரண்டு நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுவாளா?

இந்தக் கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டுபவர் என் கணவர் சொக்கலிங்கம். நான் தாளில் எழுதுவதைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்புபவரும் அவர்தான். எனக்கு அந்த வேலை வராது. அவர் இதுவரை என் எழுத்தில் ஒரு வார்த்தை மாற்றியதில்லை, ஏன் எழுதினாய் என்று ஒரு வார்த்தை கேட்டதுமில்லை. ஆசிரியரின் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு, "நல்லாத்தானே எழுதியிருக்காக" என்றார்.

அதனால்தான் இந்த வாரம் அந்தத் துன்பத்தையே எழுதிவிடுகிறேன்.

பாயை இறக்கியவன்

நோன்பு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தொரு நாள். புது வேட்டியிலிருந்து நாளுக்கொரு நூலாக எடுத்துச் சேர்த்து, கடைசி நாளில் திரியாகத் திரிப்போம். சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நேரம் பார்த்து, ஆவாரம்பூவும் பொரியும் பணியாரமும் வைத்துக் கும்பிட்டு, வீட்டின் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் இழையை ஏற்றிக் கொடுப்பார். செட்டிநாட்டுப் பிள்ளைகள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அன்றைக்கு ஒரு வாய் நெருப்பு விழுங்கிவிடுவார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன எங்கள் முன்னோரின் கப்பல் புயலில் சிக்கியதாம். இருபத்தொரு நாள் பிள்ளையாரை வேண்டி, வேட்டி நூலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்களாம். கரை சேர்ந்ததும் நூலைத் திரித்து விளக்கேற்றி, நெருப்போடு விழுங்கினார்களாம்.

சின்ன வயதில் என் அப்பாவிடம், எங்கள் பக்கத்தில் அப்பச்சி என்போம், ஒரு கேள்வி கேட்டேன். "அப்பச்சி, இருபத்தொரு நாளும் எல்லாரும் நூல் எடுத்துக்கிட்டு இருந்தா, கப்பல யாரு ஓட்டுனாக?"

அப்பச்சி சிரித்தார். பிறகு தலையில் ஒரு குட்டு வைத்தார்.

இன்றைக்கும் அதுதான் என் கேள்வி. அந்தப் புயலில் யாரோ பாயை இறக்கியிருப்பான். யாரோ உள்ளே புகுந்த தண்ணீரை இரவும் பகலும் இறைத்துக் கொட்டியிருப்பான். உள்ளங்கை கிழிந்திருக்கும். கதையில் அவன் இல்லை. நூல் எடுத்தவர்கள்தான் இருக்கிறார்கள்.

நான் வளர்ந்த விதம்

நான் நாட்டரசன்கோட்டையில் பிறந்தவள். அம்மன் பெயர்களில் ஒன்றைத்தான் எனக்கும் வைத்தார்கள், உமையாள். அப்பச்சி கடும் சைவர். விடியற்காலையில் குளித்து, திருநீறு பூசி, பதிகம் ஓதி முடிக்காமல் எங்கள் வீட்டில் யாருக்கும் காபி கிடையாது. ஏழு வயதுக்குள் எனக்கு எத்தனையோ பதிகங்கள் மனப்பாடம். பொருள் தெரியாது. ஓதும்போது நெஞ்சுக்குள் சூடாக ஒன்று பரவும், அது பொய்யில்லை. இன்றும் எங்காவது அந்தப் பண் காதில் விழுந்தால் நின்று கேட்டுவிட்டுத்தான் நகருவேன்.

அரைகுறையாக வளர்ந்தவள், அதனால்தான் வழி மாறிவிட்டாள் என்று எழுதியவர்களுக்கு இது பதில். எனக்கு ஒன்றும் குறை வைக்கவில்லை. பக்தியோடு கூடவே இன்னும் சில பாடங்களும் நடந்தன. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே. வலித்தால் பல்லைக் கடித்துக்கொள். பெண்பிள்ளை குரல் முகப்பைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றையும் நன்றாகப் படித்தேன். எல்லாவற்றிலும் நல்ல பெயர் வாங்கினேன்.

இரண்டு மணி முதல் ஏழரை வரை

அன்று இரண்டு மணிக்குச் சேலையில் ரத்தத்தைப் பார்த்தேன். மாமியாரிடம் போய்ச் சொன்னேன். அடுப்படியில் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம். கெட்டவர் இல்லை. என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகாது. போயிச் சாஞ்சுக்க. ஏழு மணிக்குத்தான் நேரம் கூடுது. இழை எடுத்துக்கிட்டே போயிருவோம். எடுக்காமக் கிளம்புனா பிள்ளைக்கு ஆகாது."

"வண்டி இருக்கா அயித்தை? சிவகங்கைக்குப் போயிட்டு நேரத்துக்கு வந்துரலாமே."

"வண்டி காரைக்குடிக்குப் போயிருக்கு. சொந்தக்காரகளக் கூட்டியாரப் போயிருக்கு."

எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. முகப்பு, நடுமுற்றமான வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, அதற்கும் பின்னால் பின்தெருவுக்கு ஒரு வாசல். நான் முகப்புப் பக்கத்து அறையில் போய்ச் சாய்ந்துகொண்டேன். சன்னல் வழியாக முன்தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி வரவில்லை. நான்கு மணிக்கு இன்னொரு சேலை மாற்றினேன். ஐந்தரைக்கு இன்னொன்று. பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த பதிகங்களையெல்லாம் சொன்னேன்.

இழை எடுத்தோம். இரண்டாவது அணைந்தது. ஏழரைக்கு வண்டி வந்துவிட்டது என்றார்கள். என் கணவர்தான் ஓட்டினார். சிவகங்கைக்கு இருபது நிமிடம். ஐந்தரை மணி நேரம் காத்திருந்து போன இருபது நிமிடம்.

பெண் குழந்தை. அழவில்லை.

நான் கேட்ட மன்னிப்பு

இதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் திருப்பிக் கேட்கத் தோன்றியிருக்கும். பரிதாபப்பட்டார்கள். "பாவம், அவ என்ன செய்வா, கை தவறிப்போச்சு" என்றார்கள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அணைந்த நெருப்பின் கதை சொல்லப்பட்டது. பத்து நாளில் அது ஊர்க்கதை ஆகிவிட்டது. ரத்தம் கதையிலிருந்து துடைத்துவிட்டது மாதிரி காணாமல் போனது.

நானும் நம்பினேன். என் கை நடுங்கியதால்தான் என் பிள்ளை செத்தது என்று நம்பினேன். அடுத்த தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனேன். கால் முழுக்கக் கொப்புளம். கோவில் தரையில் மண்சோறு சாப்பிட்டேன். தெருமுனைப் பிள்ளையாரிடம் தினமும் தோப்புக்கரணம் போட்டு, "தெரியாமச் செஞ்சிட்டேன், மன்னிச்சிரு" என்று கேட்டேன்.

நான் மன்னிப்புக் கேட்டேன். ஐயா ஆசிரியரே, கேட்கிறதா? பிள்ளையைப் பறிகொடுத்தவள் மன்னிப்புக் கேட்டாள். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவராவது "நீ எதுக்குடி கேக்குற?" என்று தடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து மறுபடி உண்டானபோது மதுரையில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். அவர் பழைய கதையைக் கேட்டார். நெருப்பு அணைந்ததைச் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது இருக்கட்டும்மா. ரத்தம் எத்தனை மணிக்குப் பார்த்த?"

"ரெண்டு மணிக்கு."

"ஆஸ்பத்திரிக்கு?"

"எட்டு ஆயிருச்சு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏன்?"

"நோன்பு" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். எழுந்து வரும்போது நான்தான் கேட்டேன், சீக்கிரம் போயிருந்தால் பிள்ளை இருந்திருக்குமா என்று. "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார்.

மதுரையிலிருந்து பேருந்தில் திரும்பினேன். அந்த இரண்டு மணி நேரத்தில் எனக்குப் பெரிய தரிசனம் எதுவும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு வாய்ப்பாடுதான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொரு மணிக்கும் ஒரு மனிதர் என் அறையைத் தாண்டிப் போயிருக்கிறார். ஒவ்வொரு மணிக்கும் யாராவது என்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். போகும்போது பிள்ளையாரும் கூட வந்தார். ஒக்கூரில் இறங்கியபோது நான் மட்டும்தான் இறங்கினேன்.

ஆகவே ஆசிரியரே, எனக்குப் பிள்ளையார்மேல் கோபமே கிடையாது. இல்லாத ஆள்மேல் எப்படிக் கோபப்படுவது? என் கோபமெல்லாம் இருந்த ஆட்கள்மேல். கடவுளை நம்புகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு, நடந்ததையெல்லாம் கொண்டுபோய் அவர் தலையில் போட்டுவிடலாம். அந்த வசதி எனக்கு இல்லாமல் போனது. அதற்குப் பெயர்தான் என் அகராதியில் நாத்திகம்.

வெளியே சொல்லாதே

இதை வீட்டில் முதல்முறை சொன்னபோது பூகம்பம் எதுவும் வரவில்லை. என் மகன் அழகப்பன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். என் கணவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "சரி. வெளிய சொல்லாத" என்றார்.

எங்கள் பக்கத்தில் யாரும் நம்பிக்கையைச் சோதிப்பதில்லை. கோவில் ஏட்டில் பெயர் இருக்க வேண்டும், கல்யாணத்துக்குக் கோவில் மாலை வர வேண்டும், நோன்புக்கு வீட்டில் இருக்க வேண்டும். நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. வாயைத் திறந்து சொன்னால்தான் குற்றம்.

நானும் யோக்கியம் இல்லை. மாமியார் போன பிறகு வீட்டில் மூத்தவள் நான். வருடா வருடம் நூல் எடுத்தேன், திரி திரித்தேன், மாவு பிசைந்தேன், எல்லாருக்கும் என் கையால் இழை ஏற்றிக் கொடுத்தேன். ஊரிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறோம், அதைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்துக்குப் போன மார்கழியில் விலை கொடுத்திருப்பேன்.

போன மார்கழி

அழகப்பன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி மீனாளுக்குத் தலைப்பிரசவம், ஏழாவது மாதம். இந்த வருடம் நோன்புக்கு வர வேண்டாம் என்று போனில் சொன்னேன்.

"அம்மா, பிள்ளைக்கு ரெண்டாவது இழை எடுக்கணும்னு மீனா வீட்ல ஆசைப்படுறாங்க. உங்க சண்டைய இதுல கொண்டுவராதீங்க" என்றான்.

வந்தார்கள். அன்று மதியம் மூன்று மணி இருக்கும். நான் இழை மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மீனாள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அத்தை, லேசா ரத்தம் பட்டிருக்கு."

கை முழுக்க மாவோடு அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் பயத்தைவிடக் கூச்சம்தான் அதிகம் இருந்தது. நல்ல நாளில் எல்லாருக்கும் தொந்தரவு கொடுக்கிறோமே என்ற கூச்சம். அந்த முகம் எனக்குத் தெரியும்.

பக்கத்தில் பொரி அளந்துகொண்டிருந்த அவள் அம்மா விசாலாட்சி எழுந்து வந்தார். மகளின் தலையைத் தடவினார்.

"பயப்படாதடா. ஆச்சி, ஆறரைக்குத்தானே நேரம் கூடுது? இன்னும் மூணரை மணி நேரந்தான். இழை எடுத்துக்கிட்டே போயிருவோம்."

எழுத்து பிசகாமல் அதே வாக்கியம். செத்துப்போன என் மாமியாரை விசாலாட்சி பார்த்ததுகூடக் கிடையாது.

நான் கத்தினேன். என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. முகப்பைத் தாண்டி, தெருவைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

"ஒரு நிமிசம் இருக்கக் கூடாது! கிளப்புங்க இவள!"

அழகப்பன் ஓடிவந்தான். "அம்மா, கத்தாதீங்க. பெங்களூர் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுர்றேன்."

"கேட்டுக்கிட்டே வண்டியில ஏறுடா!"

"ஆச்சி, நீங்க நம்பலைங்கிறதுக்காக..." என்று விசாலாட்சி தொடங்கினார்.

"நான் நம்பல. சரி. நீங்க நம்புறீகல்ல? உங்க பிள்ளையாரு சிவகங்கை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாரா? அவருக்கு வழி தெரியாதா?"

அவர் முகம் சுண்டிப்போனது. அவரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை, இப்போதும் அதிகம் வரவில்லை.

அழகப்பன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். வீடே நின்றது. வளவில் பூசைக்கு உட்கார்ந்திருந்தவர் என் கணவர் மட்டும்தான். சட்டையில்லாமல், திருநீற்றோடு, மடியில் சங்கோடு. அவர் எழுந்தார். சங்கைப் பலகையில் வைத்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாசலில் வண்டி உறுமிய சத்தம் கேட்டது.

சிவகங்கையில்

நச்சுக்கொடி கீழே இறங்கியிருந்தது. நேரத்தோடு வந்தீர்கள் என்றார் மருத்துவர். ஊசி போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள், பிள்ளையின் நுரையீரலுக்கும் சேர்த்து மருந்து கொடுத்தார்கள். ஆறரை மணிக்குப் பிள்ளையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்று செவிலியர் வந்து சொன்னார். ஒக்கூரில் இழை எடுக்கும் நேரம் அது. நான் நடைபாதை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். நகத்திடுக்கில் மாவு காய்ந்துபோயிருந்தது.

பூசையைப் பார்த்துக்கொள்ள ஒக்கூரிலேயே நின்றுவிட்ட விசாலாட்சி கொஞ்ச நேரத்தில் ஒரு டிபன் டப்பா கொடுத்தனுப்பினார். உள்ளே இரண்டு இழை, ஏற்றாமல். மீனாள் வாயில் எதுவும் படக் கூடாது என்று செவிலியர் சொல்லிவிட்டார். என் கணவர் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரோ கொடுத்த துண்டைப் போர்த்தியிருந்தார்.

துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உமையா. அது நெருப்பு அணைஞ்சதுனால இல்ல."

"எது?"

"அன்னைக்கு." டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "காரைக்குடிக்குப் போன வண்டி ஏழரைக்கு வரல. நீ ஆத்தாகிட்டச் சொன்ன கொஞ்ச நேரத்துலயே வந்துருச்சு. நான்தான் கொண்டாந்தேன். ஆத்தா, 'பின்தெருவுல விட்டுரு, அங்குட்டே நிக்கட்டும், இழை எடுத்ததும் கிளம்பலாம்'னாக. சாவி என் மடியிலதான் இருந்துச்சு."

நான் முன்தெருவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையைத் தூக்கி. வண்டி அதே வீட்டின் அடுத்த வாசலில் நின்றிருக்கிறது.

"தெரிஞ்சே வச்சிருந்தீகளா? இத்தன வருசமா?"

"ஆத்தா இருக்கும்போது சொல்ல முடியல. அப்புறம்... பிள்ளையாரு எழுதுனது அப்படின்னு நினைச்சுக்கிட்டேன்."

"நான் பழனிக்கு நடந்தேனே, கூடவே வந்தீகளே. என் கால்ல மருந்து போட்டீகளே. அப்பக்கூட வாய் வரலையா?"

அவர் டப்பாவைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

"இன்னைக்கு மட்டும் ஏன் எந்திரிச்சீக?"

"நீ கத்துனியே" என்றார். "அன்னைக்கு நீ கத்தல."

நான் எழுந்து நடைபாதையின் மறுகோடிக்குப் போய்விட்டேன். அங்கேயே நின்றிருந்தால் அந்த டப்பாவை எடுத்து அவர் முகத்தில் எறிந்திருப்பேன். அன்னைக்கு நீ கத்தல. உண்மைதான். எனக்குப் பதிகம் சொல்லிக்கொடுத்தவர்கள் கத்தச் சொல்லிக்கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நன்றாகக் கடித்தேன். அதுவும் என் பிழையாகத்தான் போயிற்று.

அவரைப் போன்ற நல்ல மனிதருக்குக் கடவுள் எதற்குப் பயன்பட்டார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. சாவியை மடியில் வைத்துக்கொண்டு சங்கு ஊத முடிந்திருக்கிறது. முப்பத்தைந்து வருடம் என்னோடு ஒரே இலையில் இனிப்பைப் பகிர்ந்து சாப்பிட முடிந்திருக்கிறது.

யாருக்கு என்ன சேரும்

மீனாள் ஐந்து வாரம் படுக்கையில் இருந்தாள். பிறகு அறுவைச் சிகிச்சை. பெண் குழந்தை. அழுதாள், தளம் முழுக்கக் கேட்கும்படி. நான் சிரித்துக்கொண்டே அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

விசாலாட்சி குழந்தையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பிள்ளையாருதான் காப்பாத்துனாரு" என்றார்.

என் பிள்ளை போனபோது என் கை செய்த பிழை. இந்தப் பிள்ளை பிழைத்தபோது பிள்ளையார் செய்த அருள். எப்படிப் போட்டாலும் அவருக்கே நல்ல பெயர். என் பக்கத்தில் நின்ற என் கணவரும், "ஆமா, எல்லாம் அவன் செயல்" என்றார்.

நான் விடவில்லை. அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

"பிள்ளையாரு இல்ல. உள்ள இருக்கிற டாக்டரம்மா காப்பாத்துனாக. சாவிய எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போனீகளே, நீங்க காப்பாத்துனீக. அது உங்களுக்குச் சேர வேண்டியது, எடுத்துக்கங்க."

அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. பிறகு மெல்ல அடங்கியது. கெட்டிக்காரர், மீதியும் புரிந்துவிட்டது. இந்தப் பிள்ளை அவருடையது என்றால் அந்தப் பிள்ளையும் அவருடையதுதான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கடவுள் மடியில் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

மன்னித்துவிட்டாயா என்று இதைப் படிக்கும் பெண்கள் கேட்பீர்கள். இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், காபி போட்டுக் கொடுக்கிறேன், அவர் மாத்திரைக்கு நேரம் சொல்கிறேன். மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரையும் நான் பேருந்தில் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இந்த அத்தியாயத்தை நேற்று எழுதி முடித்தேன். வழக்கம்போல் தாள்களை அவரிடம் கொடுத்தேன். இந்தக் கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். படித்தார். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வண்டி நின்ன இடம் வரைக்கும் எழுதணுமா உமையா?"

"எழுதியாச்சு. அனுப்புறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம்."

கைப்பேசி அவரிடம்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்தையும் கொண்டுபோய் அவர் மேசையில் வைக்கப்போகிறேன். அனுப்பினீகளா என்று கேட்க மாட்டேன். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவர் அனுப்பிவிட்டார். இல்லையென்றால், வண்டி இன்னும் பின்தெருவில்தான் நிற்கிறது.